பிறந்த குழந்தைக்கு கார் சீட் வாங்கறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்க சொந்தபந்தத்துல, ஃப்ரெண்ட்ஸ்ல யார் வீட்ல வளைகாப்பு முடிஞ்சாலும் கொஞ்ச நாள்ல எனக்கு போன் வந்துடும், "அண்ணா, கார் சீட் எது வாங்கலாம்?"னு. சீட்ட மாட்டிக் குடுக்கறது, மாட்டினது சரியான்னு பாக்கறதுன்னு ரொம்ப நாளா பண்ணிட்டிருக்கேன். எங்க முதல் குழந்தைக்கு நாங்க பண்ணின அதே தப்புகளத்தான் எல்லாரும் வரிசையா பண்றாங்க, அதான் எழுதறேன். பெல்ட் போடுங்க, குழந்தைய கார்ல தனியா விட்டுட்டு போகாதீங்கங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

12 வயசு வரைக்கும் ஒரே சீட்

இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இந்த ஒரு விஷயத்துலதான். டப்பா மேல "0 முதல் 12 வயசு, 36 கிலோ வரை"ன்னு போட்டிருக்கும், ஒரு தடவ காசு போட்டா 12 வருஷம் கவலையில்லன்னு வாங்கிடுவாங்க. ஆனா ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றது 3 கிலோ குழந்தை. அந்தக் குழந்தைக்கு அது பொருந்துதான்னு யாருமே பாக்கறதில்ல.

குழந்தை முகம் காரோட பின்பக்கத்தப் பாத்து இருக்கற மாதிரி, அதாவது ரியர் ஃபேஸிங்கா வைக்கறப்ப, தோள் பட்டி குழந்தையோட தோள் மட்டத்துலயோ கொஞ்சம் கீழயோ இருந்துதான் வெளிய வரணும். பெரிய சீட் சிலதுல பட்டிய அடி ஓட்டையில போட்டாக்கூட அது காது கிட்ட வந்து நிக்கும். அப்படி இருந்தா முன்னாடி மோதறப்ப குழந்தை சீட்டோட முதுகுப் பக்கமா மேல நழுவும், பட்டி பிடிக்காது. கால் நடுவுல வர்ற பட்டியும் தூரமா இருந்தா குழந்தை சரிஞ்சு மடங்கி உக்காந்துடும், தாடை நெஞ்சுல முட்டும், இந்த வயசுல மூச்சுக்குழாய் ரொம்ப மெலிசு, தலையத் தானா தூக்கற பலமும் கிடையாது, சத்தமே இல்லாம மூச்சு அடைபடலாம்.

அடுத்த பிரச்சனை இடம். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜோடி, சின்ன ஹேட்ச்பேக் கார், பெரிய சீட்ட ரியர் ஃபேஸிங்கா சாய்ச்சு வச்சதும் முன் சீட்ட டேஷ்போர்டு வரைக்கும் தள்ள வேண்டியதாப் போச்சு, முன்னாடி உக்கார வேண்டியது முட்டி வலி இருக்கற மாமியார். என்ன பண்ணாங்க? சீட்ட முன்பக்கமா திருப்பிட்டாங்க. குழந்தைக்கு அப்ப ரெண்டு மாசம்! அப்படியே மதுரையிலேர்ந்து சென்னை வரைக்கும், 450 கிலோமீட்டருக்கு மேல, வந்துட்டாங்க. எனக்குத் தெரிஞ்சப்ப கை நடுங்கிடுச்சு.

ஏன்னா பிறந்த குழந்தையோட தலை மட்டுமே உடம்பு நீளத்துல கால் பங்கு. கழுத்தெலும்பு இன்னும் முழுசா எலும்பாகல, பாதி குருத்தெலும்புதான். முன்பக்கம் பாத்து வச்சா மோதற நேரத்துல உடம்ப பட்டி பிடிச்சுக்கும், தலை மட்டும் முன்னாடி பாயும், அந்த இழுப்பு மொத்தமும் கழுத்துக்குப் போகும். பின்பக்கம் பாத்து வச்சா தலை, கழுத்து, முதுகுன்னு எல்லாத்தையும் சீட் சேர்த்துத் தாங்கும். ஐரோப்பாவோட ஆர்129 தரத்துல 15 மாசம் வரைக்கும் ரியர் ஃபேஸிங் கட்டாயம். பழைய ஆர்44 தரத்துலயே 9 கிலோவுக்குக் கீழ திருப்பக் கூடாது. கால் மடங்குதேன்னு கவலைப்படாதீங்க, குழந்தைங்க சம்மணம் போட்டு ஜாலியா உக்காந்துக்கும்.

அந்த ஜோடி கடைசில பிறந்ததுலேர்ந்து 13 கிலோ வரைக்கும் தாங்கற 0+ இன்ஃபன்ட் சீட் தனியா வாங்கினாங்க. பெரிய சீட் பரண்ல. காசு ரெண்டு தடவ செலவு. அதனால முதல்ல இன்ஃபன்ட் சீட் வாங்குங்க, அடுத்தத அப்புறம் பாத்துக்கலாம். இல்ல, ஒரே சீட்தான் வேணும்னா, அடித் தோள் பட்டி எந்த உயரம், ரியர் ஃபேஸிங் எத்தன கிலோ வரைக்கும், உங்க கார்ல முன் சீட்ட தள்ளாம உக்காருதான்னு பாத்துட்டு வாங்குங்க. கடைக்காரர் கிட்ட பணம் குடுக்கறதுக்கு முன்னாடி பார்க்கிங்ல உங்க கார்லயே மாட்டிக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா அடுத்த கடை.

சீட் ஒரு ஊர்ல, குழந்தை ஒரு ஊர்ல

நம்ம ஊர்ல தலைப்பிரசவம் பெரும்பாலும் அம்மா வீட்ல. கணவர் தன்னோட கார்ல இருக்கற ஐசோஃபிக்ஸ் கொக்கிக்கு (பெல்ட் இல்லாம சீட்ட காரோட நேரா பூட்டறது) ஏத்த மாதிரி சீட் வாங்கிடுவார், குழந்தை வீட்டுக்கு வர்றதோ மாமனாரோட பழைய கார்ல, அதுல அந்தக் கொக்கியே இருக்காது. அதனால பெல்ட்லயும் மாட்டலாம், ஐசோஃபிக்ஸ்லயும் மாட்டலாம்ங்கற சீட்டா பாருங்க. எட்டாம் மாசத்துலயே அந்தப் பழைய கார்ல மாட்டிப் பாத்துடுங்க, சில கார்ல பின் பெல்ட் நீளம் பத்தாது. பெல்ட், சீட்ல நீல நிறத்துல குறிச்சிருக்கற வழியில போகணும். மாட்டின பிறகு பெல்ட் போற இடத்துல பிடிச்சு ஆட்டினா ஒரு இஞ்ச்சுக்கு மேல அசையக் கூடாது. இடுப்புக்கு மட்டும் பெல்ட் இருக்கற நடு சீட் ஒத்து வராது. வாடகைக் கார்னா முன்னாடியே கேளுங்க, நிறைய வண்டியில பின்னாடி பக்கிள் சீட் கவருக்கு அடியில போயிருக்கும்.

"பச்ச மண்ணு, கழுத்தே நிக்கல, மடியில வச்சுக்கறேன்"

பாட்டி அக்கறையிலதான் சொல்றாங்க. ஆனா கழுத்து நிக்காததாலதான் சீட்டே வேணும். 50 கி.மீ. வேகத்துல மோதினா 3 கிலோ குழந்தை கிட்டத்தட்ட 60 கிலோ இழுப்பு இழுக்கும், எந்தக் கையும் தாங்காது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 194பி பிரிவுப்படி 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லன்னா 1000 ரூபாய் அபராதமும் உண்டு. இந்தப் பேச்ச பிரசவத்துக்கு முன்னாடியே வீட்ல பேசி முடிச்சிடுங்க, டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல பேச முடியாது.

ஏர்பேக் இருக்கற முன் சீட்

ரியர் ஃபேஸிங் சீட் அங்க கூடவே கூடாது. ஏர்பேக் குழந்தை தலைக்கு நேராத்தான் வெடிக்கும்.

துணி கேரி காட்

கைப்பிடி வச்ச இந்தத் துணிப் படுக்கை, குழந்தைய வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போக மட்டும்தான். கார்ல கட்ட வழியே கிடையாது. வாங்கற சீட்ல ஆர்44 அல்லது ஆர்129 அல்லது நம்ம ஊர் தரமான ஏஐஎஸ்-072, இதுல ஏதாவது ஒரு லேபிள் இருக்கான்னு பாருங்க.

செகண்ட் ஹேண்ட்

அக்கா வீட்டு சீட், விபத்துல சிக்கல, எக்ஸ்பைரி தேதி தாண்டலன்னா தாராளமா. யாருன்னே தெரியாதவங்க கிட்ட வேண்டாம்.

துணி சுத்தி அதுக்கு மேல பட்டி

பட்டிய உடம்போட ஒட்டிப் போட்டுட்டு அதுக்கு மேல போர்வை. தோள்ல பட்டிய விரலால கிள்ளினா மடிப்பு வரக் கூடாது. சித்திரை வெயில்ல நின்ன கார்னா பக்கிள் இரும்ப முதல்ல தொட்டுப் பாருங்க, சுட்டுடும்.

வீட்டுக்கு வந்த பிறகும் சீட்லயே தூக்கம்

எழுந்துடுமேன்னு சீட்டோட தூக்கிட்டு வந்து ஹால்ல வச்சிடறாங்க. வேண்டாம், தாடை நெஞ்சுல முட்டி மூச்சு அடைபடற ஆபத்து இங்கயும் உண்டு. எழுந்தா எழட்டும், வெளிய எடுத்து சமமான இடத்துல மல்லாக்க படுக்க வைங்க. நீளப் பயணம்னா நடுவுல அடிக்கடி நிறுத்தி வெளிய எடுங்க, அப்படியே பாலும் குடுத்துக்கலாம்.