இடம்பெயர்ந்தோர் முகாமில் தண்ணீரும் மலசலகூடமும்: முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

போருக்குத் தப்பி வந்தவர்கள் ஒரு பாடசாலையிலோ வெட்டவெளியிலோ தங்கவைக்கப்படும்போது, உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கொண்டுவருவது சோற்றுப் பொதிகளும் உடுப்புகளும்தான். அவையும் வேண்டியவையே. ஆனால் நெரிசலான முகாம்களில் தொடக்க வாரங்களில் கொத்துக் கொத்தாக உயிர் குடிப்பது வயிற்றோட்டம். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து எல்லைக்கு அப்பாலுள்ள கொங்கோவின் (அன்றைய சயீரின்) கோமா நகருக்கு ஓடிவந்த அகதிகளில் பல்லாயிரம் பேர் சில வாரங்களுக்குள் வாந்திபேதியாலும் இரத்தக் கழிச்சலாலும் மாண்டனர். அதன் பின்னர் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை இயக்கமும் 1997இல் தொடங்கிய, நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் ஸ்ஃபியர் (Sphere) திட்டத்தின் அளவுகளையே இங்கே பின்பற்றியிருக்கிறோம்.

முதலில் தலைகளை எண்ணுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்றால், ஆயிரம் பேருக்கு 15,000 லீற்றர் வேண்டும். பௌசரில் கொண்டுவருவதானால் அது ஒரு நாளில் எத்தனை தடவை வந்துபோக வேண்டும் என்பதை அன்றே கணக்கிட்டுவிட வேண்டும். 250 பேருக்கு ஒரு குழாய் வீதம், எந்தக் கூடாரத்திலிருந்தும் 500 மீற்றருக்குள் அமையுங்கள். வரிசையில் நிற்கும் நேரம் அரை மணியைத் தாண்டினால் மக்கள் அருகிலுள்ள குட்டையைத் தேடிப் போய்விடுவார்கள்.

தாங்கியில் குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்துச் சோதிக்க வேண்டும். குழாயில் வரும் நீரில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எஞ்சியிருப்பது சரியான அளவு. கலங்கல் நீரில் குளோரின் சரிவர வேலை செய்யாது என்பதால், முதலில் தெளியவிடுங்கள். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த நீரும் திறந்த வாளிக்குள் சிறுவர்கள் கைவிட்டுக் கோப்பையால் அள்ளும்போது கெட்டுவிடும். ஆகவே குடும்பத்துக்கு மூடியுள்ள, வாய் ஒடுங்கிய கலன்கள் இரண்டு கொடுங்கள். ஒன்று அள்ளிவர, மற்றொன்று சேமித்துவைக்க.

மலசலகூடங்கள் தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி, அதைவிடத் தாழ்வான பக்கத்தில் குழி வெட்ட வேண்டும். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்க வேண்டும். வெயில் காலத்தில் இடம் பார்ப்பவர்கள் மழையை மறந்துவிடுகிறார்கள். 2009 ஆகஸ்டில், வன்னிப் போரில் இடம்பெயர்ந்த மக்கள் அடைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பெய்த மழை, மலக்குழிகளை நிரப்பிக் கழிவைக் கூடாரங்களுக்கிடையே ஓடவிட்டது. ஆகவே மழைநீர் எவ்வழியாக ஓடும் என்று உள்ளூர் விவசாயி ஒருவரிடம் கேட்ட பிறகே குழி வெட்டத் தொடங்குங்கள். வரைபடத்தைவிட அவருடைய சொல் நம்பத்தக்கது.

எங்கே கட்டுவது என்பதைப் பெண்களிடம் கேட்காமல் முடிவுசெய்யாதீர்கள். ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உள்ளிருந்து பூட்டக்கூடிய கொண்டியும் வழியெங்கும் வெளிச்சமும் இல்லாத மலசலகூடத்துக்கு இருட்டிய பிறகு எந்தப் பெண்ணும் போகமாட்டாள். அவ்வாறு போகாமலிருப்பதற்காகப் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற பெண்கள் உண்டு.

சவர்க்காரம் ஆளுக்கு மாதம் 250 கிராம் குளிக்க, 200 கிராம் துவைக்க. கைகழுவும் இடம் மலசலகூட வாசலிலேயே இருக்கட்டும். துப்புரவுப் பணிக்கு முகாம்வாசிகளையே கூலி கொடுத்து அமர்த்துங்கள். மேற்பரப்பிலிருந்து அரை மீற்றர் ஆழம் வரை குழி நிரம்பியதும் மண்ணிட்டு மூடிவிடுங்கள், அதற்கு முன்பே அடுத்த குழி தயாராக இருக்க வேண்டும்.