மைனஸ் 40-இல் நான்கு சிலிண்டர் டர்போ பிக்கப்: குளிர்காலத்தை ஓட்டிக் கடக்கும் வழி

கனடாவின் வினிபெக், எட்மன்டன், யெல்லோநைஃப், அமெரிக்காவின் அலாஸ்காவிலுள்ள ஃபேர்பேங்க்ஸ் போன்ற ஊர்களில் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “டர்போ இந்தக் குளிரைத் தாங்குமா?” தாங்கும். டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, டர்போவுக்கு அது நல்லதே. இந்த எஞ்சின்களுக்கு உண்மையான தொல்லை வேறு. அவை போதுமான அளவு சூடாவதே இல்லை.

ஷெவ்ரோலே சில்வராடோவின் 2.7 லிட்டர், டொயோட்டா டகோமாவின் 2.4 லிட்டர், ஃபோர்டு ரேஞ்சரின் 2.3 லிட்டர் எல்லாம் சிறிய எஞ்சின்கள். பெட்ரோலை அதிகம் வீணாக்காதவை. வீணாகும் வெப்பம் குறைவு என்பதால், மைனஸ் 30-இல் எஞ்சினையும் கேபினையும் சூடேற்ற மிஞ்சுவதும் குறைவு. பழைய வி8 (எட்டு சிலிண்டர்) டிரக்கைச் சும்மா ஓடவிட்டாலே அரை மணியில் உள்ளே ஸ்வெட்டரைக் கழற்றலாம். இதில் அப்படி எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கீழே சொல்லும் வேலைகள் அனைத்தும் எஞ்சினுக்குள் சூட்டைக் கொண்டுவருவதற்கும், வந்த சூட்டைத் தக்கவைப்பதற்கும்தான்.

பிளாக் ஹீட்டர்: இருக்கிறதா, வேலை செய்கிறதா

கனடாவின் சமவெளி மாகாணங்களில் விற்கும் டிரக்குகளில் பெரும்பாலும் பிளாக் ஹீட்டர் வரும். வீட்டு மின்சாரத்தில், எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்டைச் சூடாக்கும் சாதனம் அது. அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்த பழைய வண்டியில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பானெட்டைத் திறந்து, கிரில்லின் பின்னால் மூன்று முனை ப்ளக் தொங்குகிறதா என்று பாருங்கள்.

ஹீட்டர்கள் பொதுவாக 400 முதல் 750 வாட். புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பு மின்சாரம் பாய ஆரம்பித்தால் போதும். அதற்குமேல் கூலன்ட் கூடுதலாகச் சூடாகாது, கட்டணம்தான் கூடும். 600 வாட் ஹீட்டர் நான்கு மணி நேரத்துக்கு 2.4 யூனிட் இழுக்கும். இரவு முழுக்க 12 மணி நேரம் விட்டால் 7.2 யூனிட். வெளிப்புறத்துக்கான டைமர் ஒன்று வாங்கினால் ஒரே குளிர்காலத்தில் அதன் விலை திரும்பிவிடும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஷெவ்ரோலேயைத் தயாரிக்கும் ஜிஎம் நிறுவனத்தின் பல வண்டிகளில் ஹீட்டர் கம்பியிலேயே தெர்மோஸ்டாட் இருக்கும். வெளியே ஏறத்தாழ மைனஸ் 18-க்குக் கீழே போனால்தான் அது மின்சாரத்தை உள்ளே விடும். மைனஸ் 10-இல் ப்ளக் போட்டுவிட்டு, காலையில் எஞ்சின் சில்லென்று இருப்பதைப் பார்த்து, ஹீட்டர் எரிந்துவிட்டது என்று புதிதாக மாற்றியவர்கள் உண்டு. மல்டிமீட்டரில் பார்ப்பதானால் கம்பியும் கடுங்குளிரில் இருக்க வேண்டும். 120 வோல்ட்டில் 400 வாட் ஹீட்டர் சுமார் 36 ஓம் காட்டும், 600 வாட் 24 ஓம், 750 வாட் 19 ஓம். சூடான கராஜில் வைத்துப் பார்த்தால் தெர்மோஸ்டாட் திறந்திருப்பதால் ஓம் எதுவும் வராது, அதற்காகப் பயப்பட வேண்டாம். இதைவிடச் சுலபம், சுவருக்கும் ப்ளக்குக்கும் நடுவே ஒரு வாட் மீட்டரைச் செருகிப் பார்ப்பது.

நீட்டிப்புக் கம்பி வெளிப்புறத்துக்கானதாக, எர்த் உள்ளதாக, 15 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். குறைந்தது 14 கேஜ், நீளம் அதிகமானால் 12 கேஜ் (எண் குறைந்தால் கம்பி தடிமன்). உள்ளறைக் கம்பி மைனஸ் 30-இல் விறைத்து, மடக்கும் இடத்தில் உறை வெடிக்கும். மனிடோபாவில் சில பார்க்கிங்குகளில் மின்சாரம் விட்டு விட்டு வரும்படி வைத்திருப்பார்கள். உங்கள் அடுக்குமாடியில் அப்படியா என்று கேட்டுக்கொண்டு, டைமரை ஒரு மணி நேரம் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மைனஸ் 40 அடிக்கடி வரும் இடமென்றால் பிளாக் ஹீட்டர் மட்டும் போதாது. அது கூலன்டைத்தான் சூடாக்கும், கீழே சட்டியில் உள்ள ஆயில் கெட்டியாகவே கிடக்கும். ஃபேர்பேங்க்ஸில் வழக்கமாக ஆயில் சட்டிக்கு 125 முதல் 250 வாட் சிலிகான் பேட், பேட்டரிக்கு 60 முதல் 80 வாட் போர்வை, கியர்பாக்ஸ் சட்டிக்கு இன்னொரு பேட் என்று போட்டு, எல்லாவற்றையும் ஒரே ப்ளக்கில் சேர்ப்பார்கள். மொத்தம் 1,000 வாட்டைச் சுற்றி வரும். 15 ஆம்பியர் லைனில் தொடர்ந்து இழுக்கத்தக்கது 1,440 வாட் என்பதால், அதே லைனில் இரண்டாவது வண்டிக்கு இடமில்லை.

பேட் ஒட்டும்போது சட்டி உலோகமா என்று முதலில் பாருங்கள். சில புதிய எஞ்சின்களில் அது பிளாஸ்டிக், அதில் ஒட்டவே கூடாது. உலோகமென்றால் பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கை முழுக்கத் துடைத்து, கரடுமுரடை லேசாகத் தேய்த்து, ஒட்டி, ஓரங்களைச் சிலிகான் பசையால் அடைத்து, 24 மணி நேரம் காயவிடுங்கள். சட்டியில் ஆயில் இல்லாதபோது ப்ளக் போட்டால் பேட் கருகும். ஆயில் மாற்றுகிற அன்று இதை மறந்துவிடுவது சகஜம்.

ஆயிலுக்குள் சேரும் பெட்ரோலும் தண்ணீரும்

இந்த எஞ்சின்களை உண்மையில் கெடுப்பது இதுதான். பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. சில்லிட்ட சுவரில் பட்டால் அது ஆவியாகாமல் ஒட்டிக்கொண்டு, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலுக்குள் வழியும். எரிந்த வாயுவிலுள்ள நீராவியும் அதே வழியில் இறங்கி, குளிர்ந்த உலோகத்தில் நீராகும். ஆயில் நன்றாகச் சூடாகி, அந்தச் சூட்டில் அரை மணியாவது ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறும். சூடாகாவிட்டால் சேர்ந்துகொண்டே போகும்.

காலையில் ரிமோட் ஸ்டார்ட்டில் 10 நிமிடம், ஐந்து நிமிடப் பயணம், மாலையில் மறுபடியும் அதே கதை. ஆயிலுக்கு இதைவிட மோசமான பழக்கம் கிடையாது. ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓட) விட்டு வைப்பது எஞ்சினுக்குச் செய்யும் அன்பு என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த நேரத்தில்தான் பெட்ரோல் அதிகமாகவும் சூடு குறைவாகவும் இருக்கிறது.

வாரம் ஒருமுறை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் அளவு குறைவது இயல்பு. தானாக ஏறினால் உள்ளே பெட்ரோல் சேர்கிறது. நுனியை முகர்ந்தால் வாடையே சொல்லிவிடும். மேல் கோட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் போய்விட்டால், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் ஆயிலை மாற்றுங்கள். ஆயில் மூடியின் உள்பக்கம் மோர்க்குழம்பு நிறத்தில் கொழகொழப்பு படிந்திருந்தால் அது தண்ணீர். மூடியில் மட்டும் என்றால் கவலையில்லை, துடைத்துவிடலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் மெக்கானிக்கிடம் போங்கள்.

மருந்து எளிது. வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் 40 நிமிடம் ஓட்டுங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று பொருளில்லை. மைனஸ் 30-இல் ஆயில் சூடேற அதற்குப் பிறகும் 15 கிலோமீட்டர் வரை பிடிக்கும்.

குறுகிய ஓட்டமே அதிகம் என்றால், குளிர்காலத்தில் 5,000 முதல் 8,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றிவிடுங்கள். நவம்பர் தொடக்கத்தில் ஒன்று, பனி உருகும்போது ஒன்று என்று வைத்துக்கொண்டால் கணக்கு மறக்காது.

எந்த ஆயில் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். குளிருக்கு முக்கியம் டபிள்யூ எழுத்துக்கு முன்னால் உள்ள எண். 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35-இல் எஞ்சினைச் சுழலவிடுகிறதா என்றும், மைனஸ் 40-இல் பம்ப் இழுக்கிறதா என்றும் சோதிக்கப்பட்டது. 5டபிள்யூவுக்கு அந்தச் சோதனைகள் மைனஸ் 30, மைனஸ் 35. கையேடு 5டபிள்யூ-30 கேட்டிருந்தால், கடுங்குளிருக்கு 0டபிள்யூ-30-ஐ அனுமதிக்கிறதா என்று தேடுங்கள். ஜிஎம் தன் கையேடுகளில் மைனஸ் 29-க்குக் கீழே என்று இதைச் சொல்வதுண்டு. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ என்பதால் ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்ற தரக் குறியாவது இருக்க வேண்டும். ஜிஎம் என்றால் அந்த நிறுவனத்தின் டெக்ஸோஸ் முத்திரையும் தேவை.

ஸ்டார்ட் செய்வதும் அணைப்பதும்

டர்போவின் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின்மேல் நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் சுழல்வது. ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். மைனஸ் 20-இல் ஒரு நிமிடம், மைனஸ் 35-இல் மூன்று நான்கு நிமிடம் காத்திருந்துவிட்டுக் கிளம்பலாம். முதல் 15 நிமிடம் 2,500 ஆர்பிஎம்முக்குள், மிதித்து முடுக்காமல் ஓட்டுங்கள். ஸ்டீயரிங் முனகும், டயர் இரவில் அமுங்கிய இடத்தில் தட்டையாகி முதல் சில கிலோமீட்டருக்குத் தடதடக்கும், கியர் மெதுவாக விழும். எல்லாம் கொஞ்ச நேரத்தில் சரியாகும்.

ட்ரெய்லர் இழுத்துவிட்டு வந்தால் அணைக்கும் முன் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். கடைக்குப் போய்வந்ததற்கு அது தேவையில்லை. சில்வராடோ 2.7-இல் தண்ணீர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, வண்டியை அணைத்த பிறகும் பானெட்டுக்குள் மெல்லிய இரைச்சல் கேட்டால் திகைக்க வேண்டாம்.

வீட்டோடு ஒட்டிய கராஜில் ரிமோட் ஸ்டார்ட் கூடவே கூடாது, கதவு திறந்திருந்தாலும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. பனிமேட்டில் பின்பக்கமாக நிறுத்தியிருந்தால் சைலன்சர் வாயைத் தோண்டிவிட்டுத்தான் ஸ்டார்ட்.

மூச்சுக்குழாயில் பனிக்கட்டி

கிராங்க்கேஸிலிருந்து (எஞ்சினின் கீழ்ப்பகுதி அறை) ஈரமான சூட்டுக்காற்றைக் கொண்டுவரும் மெல்லிய குழாய், டர்போவுக்குள் போகும் பெரிய காற்றுக்குழாயில் சேரும் இடத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் காற்று மைனஸ் 35. ஈரக்காற்று அதைத் தொட்ட இடத்தில் பனி வளையம் கட்டும். நீண்ட நேரம் ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் போனால் வளையம் குறுகி, துளை அடைத்தேவிடும். பிறகு கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி, டிப்ஸ்டிக்கை மேலே தள்ளும், கடைசியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள பின்சீலைப் பிதுக்கும். சில நிமிடங்களில் ஆயில் வெளியே கொட்டிவிடக்கூடும்.

எஞ்சினிலிருந்து புதிதாக விசில் சத்தம், எழும்பி நிற்கும் டிப்ஸ்டிக், நிறுத்திய இடத்தில் நடுவாகச் சொட்டிய ஆயில்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஓட்டுவதை நிறுத்துங்கள். சூடான கராஜில் இரவு முழுக்க விட்டால் கட்டி உருகும். குழாய்க்கு வெப்பக் காப்பு உறை போடலாம். உங்கள் மாடலுக்கு நிறுவனம் ஹீட்டர் வைத்த குழாய் தருகிறதா என்று டீலரிடம் கேளுங்கள்.

இதே ஈரம், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அடியிலும் பனியாகத் தேங்கும். நூறு கிலோமீட்டர் சீராக வந்துவிட்டு, முந்துவதற்காகத் திடீரென்று முழுக்க மிதித்தால் அது கிளம்பி உள்ளே போய் எஞ்சின் குலுங்கி மிஸ்ஃபயர் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாக மிதித்து ஏற்றுங்கள். நீர் வடிய இன்டர்கூலரில் துளை போடும் வைத்தியத்தை விட்டுவிடுங்கள், டர்போ அழுத்தம் அந்த வழியே போய்விடும்.

கிரில்லுக்கு உறை போடுவது இரண்டு தொல்லைகளுக்கும் உதவும். மைனஸ் 15-க்குக் கீழே போடுங்கள், நடுவில் ஒரு கையளவு திறப்பு இருக்கட்டும். ட்ரெய்லர் இழுக்கும்போதும், மைனஸ் 10-க்கு மேலே ஏறும்போதும் கழற்றுங்கள். போட்ட முதல் நாட்களில் கூலன்ட், கியர்பாக்ஸ் வெப்பநிலைகளைக் கண்காணியுங்கள். கிரில்லுக்குப் பின்னால் தானாகத் திறந்து மூடும் பலகைகள் உள்ள வண்டிகளில் அவை பனியில் உறைந்து எச்சரிக்கை விளக்கு எரியலாம். கையால் பனியைத் தட்டிவிட்டால் போதும், வெந்நீர் ஊற்றினால் அதுவே மறுபடி உறையும்.

பனிப்புயலில் ஓட்டிவந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். பொடிப்பனி உள்ளே புகுந்து ஃபில்டரில் படிந்து, உருகி, மறுபடி உறைந்தால் டர்போ மூச்சுத் திணறும். மாற்று ஃபில்டர் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

பேட்டரி, கூலன்ட், டயர்

மைனஸ் 18-இல் பேட்டரியின் ஸ்டார்ட் சக்தி ஏறத்தாழ பாதியாகிவிடும். சார்ஜ் முழுதாக இருந்தால் மைனஸ் 50-இலும் உறையாது, இறங்கிப்போன பேட்டரி மைனஸ் 10-லேயே உறைந்து உடையும். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் (நின்றால் எஞ்சின் தானே அணையும் வசதி) உள்ள வண்டிகளில் பெரும்பாலும் ஏஜிஎம் வகை பேட்டரி, சார்ஜரிலும் அந்தத் தேர்வு இருக்க வேண்டும். உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள், வெடிக்கும்.

கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை மைனஸ் 37 வரை தாங்கும், கூலன்ட் 60-க்குத் தண்ணீர் 40 கலவை மைனஸ் 52 வரை. அடர்த்தி 70 சதவீதத்தைத் தாண்டினால் உறைநிலை மறுபடி மேலே ஏறும், அதனால் சுத்தமான கூலன்டை அப்படியே நிரப்புவது முட்டாள்தனம். பத்து லிட்டர் கொள்ளளவில் பாதிக்குப் பாதி இருந்தால், இரண்டு லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு கலக்காத கூலன்ட் ஊற்றினால் 60 சதவீதம் வரும். கலவையின் அடர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலை 5.5 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறையும். பிளஸ் 10 உள்ள கராஜில் 35 வைத்துவிட்டு மைனஸ் 35-க்குள் போனால் 27-தான் மிஞ்சும். வெளியே, ஓட்டாத டயரில்தான் அளக்க வேண்டும். மலையும் பனிப்படிகமும் பொறித்த குளிர்கால டயர் நான்கும் போடுங்கள். பிக்கப்பின் பின்பக்கம் இலகு. மணல் மூட்டை 30 கிலோவில் நான்கை பின் அச்சுக்கு நேர்மேலே வைத்து, கட்டாயம் கட்டிவையுங்கள். கட்டாத மூட்டை பிரேக் போடும்போது கேபினை நோக்கி வரும்.

சாலையில் உப்பு தூவத் தொடங்கும் முன், இலையுதிர்காலத்திலேயே, அடிப்பகுதிக்கு எண்ணெய் வகைத் துருத் தடுப்பு அடித்துவிடுங்கள். கியர்பாக்ஸ் கூலர் குழாய்கள், பிரேக் குழாய்கள், பின் அச்சைப் பிடிக்கும் போல்ட்டுகள் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவிய அன்று ஹேண்ட் பிரேக் போட்டு வெளியே நிறுத்தினால் காலையில் சக்கரம் நகராது. மார்ச் கடைசியில் கிரில் உறையைக் கழற்றி, ஆயிலை மாற்றி, அடிப்பகுதியை வெதுவெதுப்பான நீரால் அலசி, ஹீட்டர் ப்ளக்கின் முனைகளில் டயலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மூடி வையுங்கள். பச்சை பிடித்த முனைதான் அடுத்த நவம்பரில் முதல் தொல்லை.