சாரல் காலத்துல வீட்டுக்குள்ள டம்பெல்

ஜூன் பொறந்துட்டா செங்கோட்டைப் பக்கம் ஆரியங்காவு கணவாய் வழியா சாரல் அடிக்க ஆரம்பிச்சிரும், வாக்கிங்லாம் அம்புட்டுதான், அதனால நான் 3 கிலோ டம்பெல் ஒரு ஜோடி வாங்கி கட்டிலுக்கடியில போட்டுட்டேன். இம்புட்டுக்காணும் வெயிட்டு என்ன செய்யும்னு நினைக்காதீங்க, தூக்க 1 செகண்ட், இறக்க 3 செகண்ட்னு மெதுவா செஞ்சு பாருங்க, பத்தாவது தடவையிலயே கை நடுங்கும்.

டம்பெல்ல நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு ஸ்குவாட் (நாற்காலியில உக்கார்ற மாதிரி முட்டி மடக்கி உக்காந்து எந்திரிக்கிறது), முதுக வளைக்காம குனிஞ்சு இடுப்புப் பக்கமா இழுக்குற ரோ, தோள்ல இருந்து தலைக்கு மேல தூக்குற பிரஸ், மூணும் 12-15 தடவை, 3 செட் (சுத்து), நடுவுல ஒரு நிமிசம் ரெஸ்ட், ஒருநாள் விட்டு ஒருநாள். ரோ செய்யும்போது தோள் காதுகிட்ட ஏறுச்சுன்னா கழுத்துதான் வலிக்கும். 15 லேசா வந்துட்டா 20-க்கு ஏத்துங்க, இல்ல ஒத்தக்கால்ல ஸ்குவாட் போடுங்க.

ஈரத் தரையில சாக்கு விரிச்சுக்கோங்க, நான் வழுக்கி டைல்ஸ் உடைஞ்சு அம்மாட்ட வாங்குன ஏச்சு தனிக்கதை.

தொப்பை மட்டும் தனியா கரையாதுங்க, சாப்பாட்டக் குறைச்சாதான் கொழுப்பு இறங்கும். ராத்திரி பரோட்டாவும் பொரிச்ச கோழியும் வாரம் ஒருக்கா போதும், மத்த நாளு முட்டை, கடலைக்கறி.