அரம் கடித்தது, கத்தியில் குறையில்லை

காயலான் கடையில் எடுத்த லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் என் முதல் சமையல் கத்தி. அறுத்து, அரத்தால் ராவி வடிவம் கொண்டுவந்தது வரை சிக்கலில்லை. தோய்ச்சல் போட்டபின், அதாவது பழுக்கச் சூடாக்கி எண்ணெயில் இறக்கிக் கடினமாக்கியபின், விளிம்பில் அரம் கடிக்காமல் வழுக்க வேண்டும். எனக்கோ பச்சை இரும்பு மாதிரி கடித்தது.

சூடு போதவில்லை என்று நினைத்துக் காந்தம் வைத்துப் பார்த்தேன். சுமார் 770 டிகிரியில் காந்தம் ஒட்டாது. அதற்கும் கொஞ்சம் மேலே ஏற்றி எண்ணெயில் இறக்கினேன். அதே கதை. அடுத்து எண்ணெயையே 60 டிகிரிக்குச் சுடவைத்து மறுபடி. அலகு லேசாக வளைந்ததுதான் மிச்சம். மூன்று நாள் போச்சு.

எரிச்சலில் ஒரே இடத்தில் முப்பது இழுப்பு இழுத்தேன். திடீரென 'கிரீச்'. அரம் வழுக்கியது!

கரி அடுப்பில் ஊதுகாற்று நேராகப் பட்டால் எஃகின் மேல்தோலில் உள்ள கார்பன் எரிந்துவிடும். அந்தத் தோல் மட்டும்தான் மென்மை. திரும்பத் திரும்பச் சூடாக்கி அதைத் தடிப்பாக்கியது நானேதான்.

விளிம்பில் 1 மில்லிமீட்டர் தடிமன் விட்டிருந்ததால் தேய்க்க இடமிருந்தது. உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துத் தோலை எடுத்தேன். பிறகு, கடினமான எஃகு நொறுங்காமலிருக்க, ஓவனில் 200 டிகிரி, 2 மணி நேரம், இரண்டு தடவை. வைக்கோல் நிறம் வந்தது. வளைவு அப்படியேதான் இருக்கிறது, வெங்காயம் அதைக் கண்டுகொள்வதில்லை.