கும்பகோணத்தில் மணி பார்த்துச் சாப்பிடுவது எப்படி

கும்பகோணத்துக்குப் போய்விட்டு வந்து "பெரிசாக ஒன்றும் இல்லையே" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். விசாரித்தால் பாதிப் பேர் பதினோரு மணிக்கு மேல் போய் இறங்கியவர்களாக இருப்பார்கள். அந்த நேரத்துக்கு இந்த ஊரில் ஒன்றும் இருக்காதுதான். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் கோயிலுக்குக் கோயில் கூப்பிடு தூரம். ஊரே கோயில் நடை திறப்பதையும் சாத்துவதையும் ஒட்டித்தான் நடக்கிறது, அடுப்பும் அப்படித்தான் எரிகிறது. எனக்கு இது மாமியார் ஊர். முதல் இரண்டு வருடம் நானும் தப்பான நேரத்தில் தப்பான இடத்தில்தான் நின்றேன்.

சென்னையிலிருந்து வருவதென்றால் ராத்திரி ரயிலேறி விடிவதற்குள் இறங்கிவிடுங்கள். அறைக்குப் போய்ப் படுத்தால் கதை முடிந்தது. பையைப் போட்டுவிட்டு நேராகக் காவிரிப் படித்துறைக்கு ஆட்டோ பிடியுங்கள், சக்கரபாணி கோயிலுக்கு வடக்கே இருக்கும் சக்கரப் படித்துறை என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் இந்தப் பக்கம் தண்ணீர் வந்து சேரச் சில நாள் ஆகும். கோடையில் வந்தீர்கள் என்றால் மணலும் நாணலும்தான், அதற்கு என்னைத் திட்டாதீர்கள்.

அப்புறம் காபி. நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு பார்த்திருப்பீர்கள், பித்தளை டபராவும் தம்ளரும் வைத்துவிட்டால் டிகிரி ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். டிகிரி என்ற பேர் எப்படி வந்தது என்பதற்குப் பாலை லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்ததால் என்று ஒரு கதை, சிக்கரி என்ற சொல்தான் திரிந்து டிகிரி ஆனது என்று இன்னொரு கதை. எதுவோ இருக்கட்டும். தண்ணீர் படாத பசும்பால், முதல் டிகாக்ஷன், இரண்டும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். முதல் டிகாக்ஷன் கிடைப்பது கடை திறந்த புதிதில், விட்டால் சாயங்காலம் மறுபடி ஃபில்டர் போடும்போது. டபராவிலிருந்து தம்ளருக்கு ஒரு முழம் தூக்கி ஆற்றி நீங்களே பாருங்கள்: நல்ல காபியில் நுரை தம்ளர் விளிம்பில் ஒட்டிக்கொண்டு கடைசி வாய் வரை கூடவே வரும், தண்ணீர்ப் பாலென்றால் பெரிய பெரிய குமிழாக எழும்பி உடனே உடைந்துபோகும். சர்க்கரை கம்மி என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாயசம்தான்.

காபிக்கும் டிபனுக்கும் சேர்த்து ஒரே இடம் வேண்டுமென்றால் கும்பேஸ்வரர் கோயில் வாசலில் இருக்கும் மங்களாம்பிகா விலாஸ். அம்பாள் பேரையே வைத்த, நூறு வருஷம் தாண்டிய காபி ஹோட்டல். உட்கார்ந்து போட்டோ எடுக்க வசதியான இடம் இல்லை, சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கும் இடம். கொஞ்சம் விஸ்தாரமாக உட்கார வேண்டுமென்றால் வெங்கட்ரமணா இருக்கிறது. இரண்டிலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு கடப்பா உண்டா?"

கடப்பாவுக்கும் ஆந்திராவின் கடப்பாவுக்கும் சம்பந்தம் தேட வேண்டாம். இது தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் குழம்பு. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கைக் கையால் உதிர்த்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சை மிளகாய், பூண்டு அரைத்து ஊற்றிக் கொதிக்க வைப்பது. பார்த்தால் வெளுத்துப்போன குருமா மாதிரி இருக்கும், சாம்பாரும் இல்லை குருமாவும் இல்லை. இட்லியைத் தொட்டுக்கொண்டு சாப்பிடக் கூடாது. இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டு, மூழ்க ஊற்றி, இரண்டு நிமிஷம் ஊறவிட்டு எடுக்க வேண்டும், அப்போதுதான் பூண்டு வாசனை இட்லிக்குள் இறங்கும். எல்லா நாளும் போட மாட்டார்கள், போட்ட நாளிலும் காலையிலேயே தீர்ந்துவிடும். ஒருமுறை ஒரு ஹோட்டலில் பத்தரைக்குப் போய்க் கேட்டதற்கு, சப்ளையர் என்னை ஏற இறங்கப் பார்த்து "ஊருக்குப் புதுசா சார்?" என்றார். மாப்பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை.

வயிறு நிறைந்ததும் நடங்கள். கும்பேஸ்வரர் கோயிலிலிருந்து கிழக்கே பொற்றாமரைக் குளம், அதைத் தாண்டினால் சாரங்கபாணி கோயில், அதன் கிழக்கு வாசல் சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. திண்ணையும் ஓடுமாகச் சின்ன வீடு. அவர் படித்த அரசுக் கல்லூரி காவிரிக் கரையிலேயே இருக்கிறது. போகிற வழியில் தாகத்துக்கு நன்னாரி சர்பத்தோ பன்னீர் சோடாவோ குடியுங்கள், பாட்டில் குளிர்பானம் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

மதியம் ஏதாவது ஒரு இலைச் சாப்பாடு, வத்தக்குழம்பு இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நடை சாத்தியிருக்கும், நான்கு மணி வரை தூங்கலாம்.

சாயங்காலம் இனிப்பு. முராரி ஸ்வீட்ஸில் டிரை ஜாமூன் கேளுங்கள், பாகில் மிதக்காமல் வெளியே காய்ந்த மாதிரியும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். நூறு கிராம் போதும். கால் கிலோ வாங்கிவிட்டு ராத்திரி தோசை இறங்கவில்லை என்று சொல்லாதீர்கள். மகாமகக் குளத்தைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு எட்டு மணிக்குள் டிபனை முடித்துக்கொள்வது நல்லது.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட ஹோட்டல் உண்டா என்று கேட்கிறார்கள். ஆற்றங்கரைச் சாப்பாடு என்றால் இங்கே ஆடிப் பெருக்குதான், வருஷத்தில் ஒரு நாள். புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று வீட்டில் கலந்து தூக்கில் கட்டிக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்துவிடுவார்கள். கடையில் கிடைக்காது. ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே யாராவது ஒரு அத்தை உங்கள் கையில் ஒரு உருண்டை வைத்துவிடுவார்.

கிளம்பும் முன்பு வெற்றிலை. சுவாமிமலை, ராஜகிரி, பண்டாரவாடை என்று காவிரிப் படுகைக் கொடிக்கால்களில் விளைவது, 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கரும்பச்சையாக, தடியாக இருப்பதை எடுக்காதீர்கள், வெளிர் பச்சையில் மெல்லிசாக இருக்கும் கொழுந்து கேளுங்கள். காம்பைக் கிள்ளி, பின்பக்க நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பை மிளகளவுக்கு மேல் போகாமல் தடவி, சீவலை வைத்து மடித்துக் கொள்ளுங்கள். இந்த ஊர்ச் சீவலுக்கும் தனிப் பேர் உண்டு. வீட்டுக்கு வாங்குவதானால் ஒரு கவுளி, அதாவது 100 இலை, ஈரத் துணியிலோ வாழை இலையிலோ சுற்றித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் செங்கல்பட்டு வருவதற்குள் கறுத்துவிடும்.