த்ரெட் பூலுக்குள் என்ன நடக்கிறது? பைத்தானில் பார்க்கலாம்

சிங்கப்பூரில் நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஒரு நல்ல பயிற்சி, பஸ் வரும் நேரத்தைக் காட்டும் சின்னச் செயலி. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் சேவையில் பதிந்து ஒரு சாவி வாங்கிக்கொண்டால் போதும். நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுத்து, அடுத்த பஸ் எப்போது வரும் என்று நிரலே கேட்டுக்கொள்ளும். ஒரு நிறுத்தத்துக்குச் சட்டென்று பதில் வந்துவிடும். சிராங்கூன் சாலை நெடுக இருக்கும் எல்லா நிறுத்தங்களுக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் இழுத்தடிக்கும். அந்த நேரம் முழுக்க உங்கள் கணினி வேலை எதுவும் செய்வதில்லை, பதிலுக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். த்ரெட்டுகள், அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் நடக்கும் தனித்தனி ஓட்டங்கள், உதவுவது இங்கேதான்.

எடுத்த எடுப்பில் உண்மையான சேவையைத் தொடவேண்டாம். நிறுத்த எண்ணை வாங்கிக்கொண்டு, டைம் தொகுதியின் ஸ்லீப் மூலம் ஒரு விநாடி தூங்கி, அப்புறம் அந்த எண்ணையும் தன்னை ஓட்டும் த்ரெட்டின் பெயரையும் அச்சிடுகிற ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். பெயரைத் தருவது த்ரெடிங் தொகுதியின் கரன்ட் த்ரெட். இதை எட்டு எண்களுக்குச் சாதாரண ஃபார் சுழலில் கூப்பிட்டால் எட்டு விநாடி ஆகும். எல்லா வரியிலும் மெயின் த்ரெட் என்ற ஒரே பெயர்தான் வரும்.

த்ரெட் பூல் என்பது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் த்ரெட்டுகளை வைத்துக்கொண்டு, வரும் வேலைகளை அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. அடுத்து, கான்கரன்ட் ஃபியூச்சர்ஸ் தொகுதியிலிருந்து த்ரெட் பூல் எக்ஸிக்யூட்டரைக் கொண்டுவாருங்கள். பைத்தான் 3.2 முதல் இது கூடவே வருகிறது, தனியாக எதையும் நிறுவவேண்டாம். அதை ஒரு வித் தொகுப்புக்குள் திறந்து, அதிகபட்சம் எத்தனை த்ரெட் என்று சொல்லும் மேக்ஸ் வொர்க்கர்ஸ் 3 என்றும், த்ரெட் பெயருக்கான முன்னொட்டு 'பஸ்' என்றும் கொடுங்கள். முன்னொட்டு தமிழிலேயே இருக்கலாம். பிறகு எட்டு எண்களையும், பூலிடம் வேலையை ஒப்படைக்கும் சப்மிட் வழியாக, ஒவ்வொன்றாக அனுப்புங்கள்.

இப்போது எட்டு வேலையும் சுமார் மூன்று விநாடியில் முடிந்துவிடும். பெயர்களை நிதானமாகப் பாருங்கள்: பஸ்_0, பஸ்_1, பஸ்_2. இந்த மூன்றுக்கு மேல் நான்காவது பெயர் வரவே வராது. வேலை எட்டு, த்ரெட் மூன்று.

பூலைத் திறந்த நொடியில் ஒரு த்ரெட்கூட உருவாவதில்லை. முதல் சப்மிட் வேலையை ஒரு வரிசையில் போட்டுவிட்டு, சும்மா இருக்கும் த்ரெட் உண்டா என்று பார்க்கிறது. இல்லாததால் பஸ்_0 பிறக்கிறது. அடுத்த இரண்டு சப்மிட்டுக்கும் இதே கதைதான். நான்காவது வரும்போது வரம்பு எட்டிவிட்டதால் வேலை வரிசையில் நிற்கிறது, முதலில் கை ஓய்ந்த த்ரெட் அதை எடுத்துக்கொள்கிறது. ஒரு தேக்கா காப்பிக்கடையில் மூன்று பேர் வேலை பார்த்தால், ஆர்டர் எத்தனை குவிந்தாலும் ஆள் மூன்றுதானே.

ஸ்லீப் வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப்பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பெயர்கள்தான் வரும். அடுத்த வேலை வருவதற்குள் பஸ்_0 ஓய்ந்துவிடுவதால் புதிய த்ரெட்டுக்குத் தேவையே எழுவதில்லை. பைத்தான் 3.8 முதல் இப்படித்தான். அதற்கு முன், ஏற்கெனவே உள்ளது சும்மா இருந்தாலும் வரம்பு எட்டும்வரை ஒவ்வொரு சப்மிட்டுக்கும் புதிது ஒன்று பிறந்துகொண்டிருந்தது. இந்தச் சின்னச் சோதனையைத் தவறவிடாதீர்கள். பூல் என்பது என்ன என்று எந்தப் படத்தை விடவும் இது தெளிவாகக் காட்டிவிடும்.

ஸ்லீப்பைத் திரும்பச் சேர்த்து, சப்மிட்டுகள் முடிந்ததும் வித்துக்கு உள்ளேயே த்ரெடிங்கின் ஆக்டிவ் கவுன்டை அச்சிட்டால் 4 வரும், மெயினையும் சேர்த்து. வித்துக்கு வெளியே அச்சிட்டால் 1. வித் முடியும்போது மிச்ச வேலைகளுக்காகக் காத்திருந்து, த்ரெட்டுகளை மூடிவிட்டே வெளியே வருகிறது. இதை டெர்மினலில் ஓட்டுங்கள். உலாவியில் நிரல் ஓட்டும் ஜூப்பிட்டர் போன்றவை தமக்கென்று வேறு த்ரெட்டுகள் வைத்திருப்பதால் எண்ணிக்கை குழம்பும்.

சப்மிட் திருப்பித் தருவது ஒரு ஃபியூச்சர், அதாவது வேலை முடிந்ததும் அதன் விடையை (ரிசல்ட்) வைத்திருக்கும் ஒரு பொருள். அதை எறிந்துவிடாமல் ஒரு பட்டியலில் சேர்த்துவையுங்கள், ஏனென்றால் ஃபங்ஷனுக்குள் பிழை வந்தால் அது அந்த ஃபியூச்சருக்குள்தான் போய் உட்கார்ந்துகொள்ளும். ரிசல்ட்டை நீங்கள் கேட்டால்தான் வெளியே வரும். கேட்காவிட்டால் பிழை வந்ததற்கான சுவடே இல்லாமல் நிரல் முடிந்துவிடும். ஃபங்ஷனுக்குள் வேண்டுமென்றே பூஜ்யத்தால் வகுத்துப் பாருங்கள், புரியும்.

மேக்ஸ் வொர்க்கர்ஸை விட்டுவிட்டால், கணினியின் கோர் எண்ணிக்கையோடு 4 கூட்டி, அதிகபட்சம் 32 என்று பைத்தானே முடிவுசெய்யும். 8 கோர் கணினியில் 12. எண்ணை நீங்களே கொடுப்பதுதான் நல்லது என்பேன், அதுவும் பொதுச் சேவையைக் கேட்கும்போது. ஒரே நேரத்தில் நூறு கோரிக்கைகளை அனுப்புவது மற்றவர்களுக்கும் இடைஞ்சல்.

பூலில் ஓடும் வேலைக்குள்ளிருந்து அதே பூலுக்கு இன்னொரு வேலையை அனுப்பி, அதன் ரிசல்ட்டுக்காக அங்கேயே காத்திருக்காதீர்கள். எல்லா த்ரெட்டும் இப்படிக் காத்திருக்க ஆரம்பித்தால் வரிசையிலுள்ளதை எடுக்க ஆளே இருக்காது, நிரல் அப்படியே உறைந்துவிடும்.

ஸ்லீப்புக்குப் பதிலாகப் பெரிய கணக்கு ஒன்றை வைத்தால் நேரம் குறையாது. வழக்கமான பைத்தானில் ஜில் என்ற பூட்டு இருப்பதால், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் கட்டளைகளை ஓட்டமுடியும். ஸ்லீப் போலக் காத்திருக்கும்போது த்ரெட் அந்தப் பூட்டை விட்டுக்கொடுத்துவிடுவதால்தான் முன்பு நேரம் மிச்சமானது. கணக்கு வேலைக்கு அதே தொகுதியில் உள்ள ப்ராசஸ் பூல் எக்ஸிக்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சப்மிட், ரிசல்ட் எல்லாம் அங்கேயும் இதே மாதிரிதான்.