களி உருண்டையைச் சிறிதாக்குங்கள்: நீர்க்கட்டி உள்ள சைவப் பெண்களுக்கு

எனக்குச் சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருப்பது இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது. மாதவிடாய் அறுபது, எழுபது நாளுக்கு ஒருமுறை வரும். கழுத்தின் பின்பக்கம் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருந்தது. அம்மா அதை அழுக்கு என்று நினைத்துக் கடலைமாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துவிடுவார். தோல் எரிந்ததுதான் மிச்சம். உடம்பில் இன்சுலின் கூடிப்போனதற்கு அந்தக் கறுப்பு ஓர் அடையாளம். நம்மில் பெரும்பாலோருக்கு இப்படிக் கூடும் இன்சுலின்தான் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கவைக்கிறது. முட்டை முதிர்ந்து வெளியே வராமல் நின்றுவிடுகிறது. ஸ்கேனில் தெரிபவையும் பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப்பைகள்தான். கட்டி என்ற பேரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள்.

நாங்கள் காவேரிப்பட்டணம் பக்கம். அப்பா வள்ளலார் வழியில் நடப்பவர், வீட்டில் முட்டைகூடக் கிடையாது. முதலில் பார்த்த மருத்துவர், "முட்டை, மீன் சாப்பிடாம இது சரியாகாதும்மா" என்றார். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். 2023இல் வந்த பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல், எந்த ஓர் உணவுமுறையும் இதற்கு மற்றதைவிட மேல் என்று காட்டச் சான்று இல்லை என்கிறது. அதை அடுத்துப் பார்த்த மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "ராத்திரி என்ன சாப்பிடற?"

களி. நொய்யைக் கொதிக்கவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பு போட்டுக் கிண்டி, இரண்டு கையாலும் பிடிக்கிற அளவுக்கு உருண்டை. தொட்டுக்கொள்ளப் புளிக்குழம்பு, அதில் தேடினால் நாலு கத்தரிக்காய்த் துண்டு. கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச் சத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நைசாக அரைத்த மாவைக் குழைய வேகவைத்தால் அது சீக்கிரம் சர்க்கரையாகி இன்சுலினையும் ஏற்றிவிடும். களியை நாம் மெல்லுவதும் இல்லை, குழம்பில் முக்கி விழுங்குகிறோம். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிவதற்குள் உருண்டை முடிந்திருக்கும்.

அதனால் உருண்டையை எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு கைக்குள் அடங்கும்படி பிடியுங்கள். நொய்யை விட்டுவிடுங்கள். குழம்பை மாற்றுங்கள்: மொச்சை, தட்டைப்பயறு, துவரை, கொள்ளு, எதுவானாலும் கிண்ணத்தில் பாதி பருப்பும் பயறுமாக இருக்கட்டும். முதலில் அதையும் கீரைக் கடைசலையும் மென்று சாப்பிட்டுவிட்டு, அப்புறம் களியைத் தொடுங்கள். சோறானாலும் சாமையானாலும் இதே கணக்குதான். சாமையாச்சே என்று தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் பலன் இல்லை.

கொள்ளு எங்கள் ஊர்ப்பக்கம் தாராளமாகக் கிடைக்கும். நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. அறுபது கிலோ இருப்பவருக்கு ஐம்பது கிராம். மூன்று வேளையும் பயறோ, தயிரோ, பனீரோ, வேர்க்கடலையோ, சோயாவோ இருந்தால்தான் அது எட்டும். காலையில் இட்லியை இரண்டாகக் குறைத்து, ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டல் வைத்துக்கொள்கிறேன். வாயு பிடிக்கிறது என்பவர்கள் முதல் நாள் இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். அத்தை, "கொள்ளு சூடும்மா, தினமும் வேண்டாம்" என்பார். நான் மறுத்துப் பேசுவதில்லை, அவருக்காக மோர் சேர்த்துக் குடித்துவிடுவேன்.

மாம்பழக் காலம் தனிச் சோதனை. நான் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சீசனில் டம்ளர் டம்ளராகக் கூழ் கையில் வந்துவிடும். சர்க்கரை சேர்க்காத கூழ்தான், ஆனாலும் ஒரு டம்ளருக்குள் ஒன்றிரண்டு பழம் போய்விடுகிறது, மெல்லவும் வேலையில்லை. கூழை நிறுத்தினேன், பழத்தை நிறுத்தவில்லை. மதியம் பாதிப் பழம், நறுக்கி. அன்றைக்குச் சோறு ஒரு கரண்டி குறையும்.

இரவு சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடங்கள். வேலை செய்கிற தசை ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாளாவது உட்கார்ந்து எழுவது, எடை தூக்குவது மாதிரிப் பயிற்சியும் வேண்டும். எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே மாதவிடாய் சீராகத் தொடங்கலாம். எழுபது கிலோவுக்கு மூன்றரை கிலோதான்.

சைவக்காரர்கள் தவறவிடுவது பி12 வைட்டமின். எனக்குப் பாதம் மரத்துப்போனது மாதிரி இருந்தது, பரிசோதித்தால் அளவு அடியில். இன்சுலின் சிக்கலுக்கு மருத்துவர்கள் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை அதை இன்னும் குறைக்கும். பாலும் தயிரும் ஓரளவு தரும். அவற்றையும் விட்டவர்கள் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும், எந்தக் கீரையும் அதற்கு ஈடாகாது. இரும்புச் சத்துக்குக் கீரையில் எலுமிச்சை பிழியுங்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள்.

தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளை நம்பாமல், மாதவிடாய் தொடங்கும் நாளைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் வட்டம் போடுங்கள். எட்டு மாதத்தில் என் இடைவெளி நாற்பது நாளுக்கு வந்தது அந்த வட்டங்களில்தான் தெரிந்தது. தொண்ணூறு நாள் வராவிட்டால் கஷாயம் வைத்துக் காத்திருக்க வேண்டாம், கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலண்டரையே கழற்றி எடுத்துப் போங்கள்.